மறைமொழியும் துறைமுகமும்
1942 ஆம் ஆண்டுத் திருக்கோணமலைத் தாக்குதலின் பின்னணி

கோணேசர் மலையின் அடியிலே, மூன்று பக்கமும் நிலஞ்சூழ அமைந்த திருக்கோணமலைத் துறைமுகம் இயற்கை அளித்த பெருங்கொடையாகும். வங்கக் கடலில் ஆட்சி செலுத்த விழைந்த ஒவ்வொரு வல்லரசும் இதனைத் தன்வயமாக்க முயன்றது. போர்த்துக்கேயர் இங்குக் கோட்டை கட்டினர். ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1782 ஆம் ஆண்டிலே பிரான்சியக் கடற்படைத் தலைவரான சவ்ரன் இதனை வென்றார். 1795 ஆம் ஆண்டிலே பிரித்தானியர் வசமாகிய துறைமுகம், 1957 ஆம் ஆண்டில் இலங்கை அரசின் கையில் வரும்வரை அவர்தம் கடற்படைத் தளமாக விளங்கிற்று. கற்சுவரும் பீரங்கியுமே இத்துறையின் காவல் என்று மக்கள் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். ஆனால், 1942 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திலே இத்துறைமுகத்தின் நன்மையும் தீமையும் கண்ணுக்குத் தோன்றாத வேறொன்றைப் பொறுத்து நின்றன. அது வானலைகளிற் சென்ற ஐந்திலக்க எண்களின் நிரை. அவ்வெண்களின் அமைப்பையும், அவை அறியப்பட்ட முறையையும், அவ்வறிவால் விளைந்தனவற்றையும் ஈண்டு ஆராய்வோம்.

பிறர் அறியாவண்ணம் பேசுதல் தமிழர்க்குப் புதிதன்று. பொற்கொல்லர் தம்முட் பொன்னைப் பறி என்றும், யானைப்பாகர் ஆடையைக் காரை என்றும் வழங்குவதை இலக்கண நூலார் குழூஉக்குறி எனப் பெயரிட்டு எடுத்துக்காட்டினர். ஒரு சொல்லுக்குப் பதிலாக மற்றொன்றை நிறுத்துவதே குழூஉக்குறி. அதனைப் பலமுறை கேட்கும் அயலான், கேட்குந்தோறும் பொருளை ஊகித்து, ஈற்றில் அறிந்துகொள்வான். பொற்கொல்லன் கடைவாயிலில் நாடோறும் அமர்ந்திருப்பவனுக்குப் பறி என்பது பொன் என விளங்க எத்தனை நாள் செல்லும்? ஒரே குறி மீண்டும் மீண்டும் வருதலே மறைமொழிக்கு முதற்பகை. இவ்வுண்மை இக்கட்டுரை முழுவதற்கும் அடிப்படையாகும்.

கடற்படைக்கு இவ்விடர் இன்னும் பெரிது. பெருங்கடலிற் பரந்து செல்லும் கப்பல்கள் கம்பியில்லாத் தந்தி மூலமே ஒன்றோடொன்று பேசவியலும். அவ்வாறு அனுப்பப்படும் செய்தி நண்பர் செவிக்கும் பகைவர் செவிக்கும் ஒருங்கே எட்டும். ஆதலின், செய்தி பிறர்கைப்படாமற் காத்தல் கூடாத செயல். பிறர்கைப்பட்டும் விளங்காமற் செய்தலே கூடுவது. இதற்கென யப்பானியக் கடற்படையினர் 1939 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஒரு புதிய மறைமொழியை வழக்கிற் கொண்டுவந்தனர். அமெரிக்கர் பிற்காலத்தில் இதற்கு இட்ட பெயர் ஜே என் 25 என்பது.

இம்மறைமொழி இரண்டு நூல்களைக் கொண்டு இயங்கிற்று. முதலாவது குறியீட்டு நூல். அதிலே சொற்கள், தொடர்கள், இடப்பெயர்கள், எண்கள் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஓர் ஐந்திலக்க எண் வகுக்கப்பட்டிருந்தது. இதனை எண்ணாலாய குழூஉக்குறி எனலாம். இரண்டாவது கூட்டெண் நூல். அதிலே பக்கம் பக்கமாக, யாதொரு ஒழுங்குமின்றி, ஐந்திலக்க எண்கள் நிரைநிரையாக அச்சிடப்பட்டிருந்தன. செய்தியை எழுதுவோன் முதலிற் சொற்களைக் குறியீட்டெண்களாக மாற்றுவான். பின்னர்க் கூட்டெண் நூலில் ஓர் இடத்தைத் தெரிந்துகொண்டு, அவ்விடந்தொட்டு வரும் எண்களை ஒவ்வொன்றாகத் தன் குறியீட்டெண்களோடு கூட்டுவான். கூட்டும்போது பத்துக்கு மேற்பட்டதை அடுத்த தானத்துக்குக் கொண்டுசெல்வதில்லை. ஒவ்வோர் இலக்கமும் தனித்தனியே கூட்டப்படும்.

விளக்கத்தின் பொருட்டு ஒரு கற்பனை எடுத்துக்காட்டைக் கொள்வோம். துறைமுகம் என்பதற்குக் குறியீட்டெண் 41253 என்றும், அவ்விடத்துக்கு வந்த கூட்டெண் 78416 என்றும் வைத்துக்கொள்க. நாலும் ஏழும் பதினொன்று. அதில் ஒன்றை மட்டும் எழுதுக. ஒன்றும் எட்டும் ஒன்பது. இரண்டும் நாலும் ஆறு. ஐந்தும் ஒன்றும் ஆறு. மூன்றும் ஆறும் ஒன்பது. ஆகவே வானலையிற் செல்வது 19669. பெறுவோன் தன் கூட்டெண் நூலை விரித்து அதே கூட்டெண்ணைக் கழிப்பான்; 41253 மீளும்; குறியீட்டு நூலைப் பார்த்துத் துறைமுகம் என்று படிப்பான். மற்றொரு நாள் அதே சொல் வேறு கூட்டெண்ணோடு சேர்ந்து முற்றிலும் வேறு எண்ணாகத் தோன்றும். கடைவாயிலில் அமர்ந்து கேட்டிருப்பவனுக்கு ஒரே குறி இருமுறை கேட்பதில்லை. இதுவே இம்முறையின் வலிமை.

எனினும், இவ்வலிமை ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. கூட்டெண் நூலின் ஓர் இடம் ஒருமுறைக்கு மேற் பயன்படலாகாது. பல்லாயிரம் செய்திகளை நாடோறும் அனுப்பும் கடற்படைக்கு ஒரு நூலின் பக்கங்கள் எங்ஙனம் போதும்? ஒரே பக்கம், ஒரே வரி, பல செய்திகளுக்குப் பயன்பட்டது. அங்குத்தான் பகைவர்க்கு வாயில் திறந்தது.

மேற்கூறிய அதே கூட்டெண் 78416, கப்பல் எனப் பொருள்படும் 20514 என்னும் குறியீட்டெண்ணோடு மற்றொரு செய்தியிற் சேர்ந்ததாகக் கொள்க. வானலையிற் செல்வது 98920. இச்செய்திகள் இரண்டையும் கேட்ட பகைவன், கூட்டெண்ணை அறியாதவனாயினும், 98920 இலிருந்து 19669 ஐ இலக்கம் இலக்கமாகக் கழித்தால் 89361 பெறுவான். மறைக்கப்படாத 20514 இலிருந்து 41253 ஐ அவ்வாறே கழித்தாலும் வருவது 89361. இரண்டிலும் பொதுவாக இருந்த கூட்டெண் தானே மறைந்தொழிந்தது. பூட்டை உடைக்காமலே பூட்டு கழன்றுவிட்டது. இனி எஞ்சியிருப்பவை இரண்டு குழூஉக்குறிகளின் வேறுபாடு மட்டுமே. அடிக்கடி வழங்கும் குறியீட்டெண்கள் சிலவற்றை முன்னரே அறிந்திருப்பின், அவற்றின் வேறுபாடுகளை அட்டவணையாக எழுதி வைத்து, இவ்வேறுபாடு எவற்றிலிருந்து வந்ததெனத் தேடலாம். நண்பகல் நிலை கூறும் அறிக்கைகள், மேலதிகாரிகளை விளிக்கும் வாய்பாட்டுத் தொடர்கள் ஆகியன நாள்தோறும் ஒரே வடிவில் வந்து இத்தேடலுக்குத் துணை நின்றன.

இதற்கு மேலும் ஒரு வழுவை யப்பானியர் தம் கைகளாலேயே வைத்திருந்தனர். தந்தியில் இலக்கம் பிழைபடுதல் இயல்பு. பிழை நேர்ந்ததைப் பெறுவோன் உடனே கண்டுகொள்ளும் பொருட்டு, குறியீட்டு நூலின் எண்கள் யாவும் மூன்றால் மீதியின்றி வகுபடுவனவாக அமைக்கப்பட்டன. மேலே எடுத்துக்காட்டிய 41253 உம் 20514 உம் அத்தகையனவே. அவற்றின் இலக்கங்களைக் கூட்டினால் முறையே 15 உம் 12 உம் வரும். இவ்வேற்பாடு தம் தந்தியாளர்க்குச் செய்த உதவி. ஆனால் அதுவே பகைவர்க்கு உரைகல்லாயிற்று. கூட்டெண் இன்னது என ஊகித்த ஒருவன், ஒரே இடத்திற் பொருந்தும் பல செய்திகளிலிருந்து அதனைக் கழித்துப் பார்ப்பான். ஊகம் சரியாயின் வரும் எண்கள் யாவும் மூன்றால் வகுபடும். தவறாயின், ஒவ்வோர் எண்ணும் தற்செயலாக வகுபடும் வாய்ப்பு மூன்றில் ஒன்றே. பத்துச் செய்திகளும் ஒருங்கே தற்செயலாக வகுபடும் வாய்ப்பு ஏறக்குறைய 59,049 இல் ஒன்று. ஆகவே பொருள் ஒரு சொல்லும் விளங்குமுன்னரே, மேற்போர்வை நீங்கியதா இல்லையா என்பதை உறுதியாகச் சொல்ல முடிந்தது.

இம்மறைமொழியின் அமைப்பை வழக்கிற்கு வந்த சில கிழமைகளுள் உய்த்துணர்ந்தவர் பிரித்தானிய மறைமொழி ஆய்வாளரான யோன் தில்ற்மன் ஆவர். எனினும் அமைப்பை அறிதல் வேறு. செய்தியைப் படித்தல் வேறு. பல்லாயிரங் கூட்டெண்களையும் குறியீட்டெண்களையும் ஒவ்வொன்றாக மீட்டல் வேண்டும். இப்பெரும்பணியில் ஈடுபட்டோருள் ஒரு சாரார், தூர கிழக்கு நாடுகளுக்கென 1935 ஆம் ஆண்டில் ஹொங்கொங்கில் நிறுவப்பட்ட பிரித்தானியக் கூட்டுப் புலனாய்வுப் பணியகத்தார். 1939 ஆம் ஆண்டில் இவர்கள் சிங்கப்பூர் சென்றனர். ஆங்கு யப்பானியர் நெருங்கவே, 1942 ஆம் ஆண்டு சனவரியிற் கொழும்புக்கு வந்து, பெம்புரோக் என்னும் பாடசாலைக் கட்டடத்தில் அமர்ந்து தம் பணியைத் தொடர்ந்தனர். கணிப்பொறியின் துணை இக்காலத்திற்போல அவர்களுக்கு இல்லை. கூட்டலும் கழித்தலும் பெரும்பாலும் தாளிலும் பென்சிலிலும் நிகழ்ந்தன. மேலும், 1940 ஆம் ஆண்டு திசெம்பரிற் புதிய குறியீட்டு நூலும், 1941 ஆம் ஆண்டு திசெம்பரிற் புதிய கூட்டெண் நூலும் வந்தமையால், கட்டிய கரை இடையிடையே சரிந்தது. படிக்கப்பட்டது செய்திகளின் ஒரு சிறு பங்கே.

அச்சிறு பங்கே 1942 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஒரு பெருஞ்செய்தியைத் தந்தது. சிங்கப்பூர் பெப்புருவரி 15 ஆந் திகதி வீழ்ந்துவிட்டது. அந்தமான் தீவுகள் மார்ச்சு மாதத்தில் யப்பானியர் கைப்பட்டன. அவ்வேளையில், விமானந் தாங்கிக் கப்பல்களோடு கூடிய யப்பானியக் கடற்படை ஏப்பிரல் 1 ஆந் திகதியளவில் இலங்கையைத் தாக்கும் எனக் கொழும்பிலிருந்த ஆய்வாளர் அறிவித்தனர். கீழைக் கடற்படையின் தலைமையை அப்போதுதான் ஏற்றிருந்த தளபதி சொமர்வில், மார்ச்சு 31 ஆந் திகதி தம் கப்பல்களை இலங்கைக்குத் தெற்கே ஒன்றுதிரட்டிக் காத்திருந்தார். ஒரு நாள் சென்றது, இரண்டு நாள் சென்றன, பகைவர் தோன்றினாரில்லர். கப்பல்களில் நீரும் எரிபொருளும் குறைந்தன. அறிவிப்பே தவறாயிருக்கலாம் என்னும் எண்ணம் வலுப்பெற்றது. ஏப்பிரல் 2 ஆந் திகதி இரவு அவர் மாலைதீவின் தென்கோடியிலுள்ள அத்துத் தீவுக்குத் திரும்பினார். செல்லுமுன் டோர்செற்சயர், கோர்ண்வால் என்னும் குறூசர்களைக் கொழும்புக்கும், ஹேர்மிஸ் என்னும் விமானந் தாங்கிக் கப்பலையும் வம்பயர் என்னும் நாசகாரியையும் திருக்கோணமலைக்கும் அனுப்பினார்.

அறிவிப்புத் தவறன்று. யப்பானியத் தளபதி நகுமோவின் புறப்பாடு சில நாள் தாழ்த்திருந்தது, அவ்வளவே. ஏப்பிரல் 4 ஆந் திகதி, கொக்கலையிலிருந்து சென்ற கற்றலீனா விமானமொன்றின் தலைவரான கனேடியர் லெனாட் பேர்ச்சல், நகுமோவின் கப்பல்களைக் கண்டு செய்தி அனுப்பினார், அவ்விமானம் சுட்டுவீழ்த்தப்பட்டது. மறுநாள் காலை, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பு தாக்கப்பட்டது. நண்பகலுக்குப் பின் டோர்செற்சயரும் கோர்ண்வாலும் கடலில் மூழ்கின. 424 பேர் மாண்டனர்.

அடுத்தது திருக்கோணமலையின் முறை. ஏப்பிரல் 8 ஆந் திகதி பகைக்கப்பல்கள் இலங்கைக்குக் கிழக்கே மீண்டும் காணப்பட்டன. அன்றிரவே துறைமுகத்திலிருந்த கப்பல்கள் வெளியேறும்படி பணிக்கப்பட்டன. ஹேர்மிசும் வம்பயரும் கரையோரமாகத் தெற்கு நோக்கிச் சென்றன. 9 ஆந் திகதி காலை நூற்றுக்கு மேற்பட்ட யப்பானிய விமானங்கள் வந்தன. ரேடார் அவற்றின் வருகையை முன்னறிந்தமையாற் சீனன்குடாவிலிருந்து போர் விமானங்கள் எழுந்து எதிர்த்தன. ஆயினும் கடற்படைத் தளமும் விமானத் தளமும் பெருஞ்சேதமுற்றன. எண்ணெய்த் தாங்கியொன்று தீப்பற்றிற்று. துறைமுகத்தில் நின்ற சகாயிங் என்னும் சரக்குக் கப்பல் எரிந்தது. ஹேர்மிஸ் மீண்டும் துறைமுகம் நோக்கித் திரும்பும் வழியில், மட்டக்களப்புக்கு அப்பால், யப்பானிய விமானங்களின் பார்வையிற் பட்டது. விமானந் தாங்கிக் கப்பலாயினும் அன்று அதன் தளத்திற் போர் விமானம் ஒன்றேனும் இல்லை. முற்பகலில் அது மூழ்க, 307 பேர் அதனோடு மாண்டனர். வம்பயரும் மூழ்கிற்று. அருகே சென்ற விற்றா என்னும் மருத்துவக் கப்பல் ஏறக்குறைய அறுநூறு பேரைக் கடலிலிருந்து மீட்டது.

மறைமொழியை அறிந்தவர் ஏன் இவ்வாறு இழந்தனர் என்னும் வினா எழுதல் இயல்பு. விடை இதுவே: அவர்கள் படித்தது முழுமையன்று. வருவது யாது என்பதை அறிந்தனர். திகதி மாறியதை அறிந்திலர். அரைகுறையாகப் படிக்கப்பட்ட செய்தி, அறியாமையிலும் மேலானது என்பதில் ஐயமில்லை. அது கிடைத்திராவிடின், கடற்படை தக்க வேளையில் ஒன்றுதிரண்டிராது. பேர்ச்சல் போன்றோரின் தேடலும் அத்துணை விழிப்போடு நடந்திராது. துறைமுகங்களிற் கப்பல்கள் நிறைந்தே கிடந்திருக்கும். எனினும், படித்தவற்றின் எல்லையை உணராது, குறித்த நாளிற் பகைவன் வராமையை அவன் வாரான் என்பதற்குச் சான்றாகக் கொண்டமையே அழிவுக்கு வழிவிட்டது. குறித்த நாள் கழிந்தது. எச்சரிக்கையின் பொருள் கழியவில்லை.

இதே மறைமொழியைப் படித்தே அவ்வாண்டு மே மாதத்தில் ஹவாய்த் தீவிலிருந்த அமெரிக்க ஆய்வாளர் ஒரு பெருவெற்றிக்கு வித்திட்டனர். ஏ எஃப் என்னும் குறி தாக்கப்படவிருந்த இடத்தைச் சுட்டிற்று. அது மிட்வே தீவென அவர்கள் ஐயுற்றனர். ஐயத்தை நீக்க, மிட்வேயில் நன்னீர்க் குறைபாடு உள்ளதெனத் தெளிவான மொழியிற் பொய்ச்செய்தியொன்று அனுப்புவித்தனர். ஏ எஃபில் நீர் இல்லை என யப்பானியர் தம் மறைமொழியிலே அறிவித்தனர். தம் ஊகத்தைச் சோதித்துத் துணிந்தமையே ஆங்குக் கண்ட சிறப்பு. யூன் மாதத்தில் மிட்வேயில் மூழ்கிய நான்கு விமானந் தாங்கிக் கப்பல்களுள் மூன்று, இரு திங்கள் முன் இலங்கையைத் தாக்கியவை.

இவ்வரலாற்றைக் கொண்டு யப்பானியரை மட்டும் அறிவற்றவர் எனல் பொருந்தாது. அதே காலத்தில், அத்திலாந்திக்குக் கடலிற் கப்பற் கூட்டங்களை நடத்தப் பிரித்தானியரும் அமெரிக்கரும் பொதுவாகப் பயன்படுத்திய மூன்றாம் எண் கடற்படை மறைமொழியும் இவ்வகையினதே. அதிலும் ஒரே எண்நிரை பன்முறை பயன்பட்டது. யேர்மனியக் கடற்படை ஆய்வாளர் அதனைப் படித்து, நீர்மூழ்கிகளைக் கப்பல்களின் வழியில் நிறுத்தினர். 1943 ஆம் ஆண்டு யூன் மாதத்திற்றான் அது கைவிடப்பட்டது. பிறர் பூட்டின் வழுவைக் கண்டவர், தம் பூட்டிலும் அவ்வழு உண்டென்பதைக் காணத் தாழ்த்தனர்.

கூட்டெண்கள் உண்மையில் ஒழுங்கற்றனவாய், செய்தியின் நீளத்துக்குக் குறையாதனவாய், ஒருமுறை மட்டும் பயன்பட்டு அழிக்கப்படுவனவாய் இருப்பின், அம்மறைமொழியை எவராலும் படிக்கவியலாது என்பதை அமெரிக்க அறிஞர் குளோட் சனன் 1949 ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையிற் கணித வழி நிறுவினார். ஆனால் ஒருமுறை என்னும் அச்சொல்லைக் காத்தல் அரிது. சோவியத்து ஒன்றியத்தார் 1942 ஆம் ஆண்டிற் போர் நெருக்கடியில் இத்தகைய தாள்களிற் சிலவற்றை இரட்டித்து அச்சிட்டனர். பின்னர் அமெரிக்கர் அவர்தம் செய்திகளுட் பலவற்றைப் படிக்க அதுவே வழியாயிற்று.

இக்காலத்தில் நூலுக்குப் பதில் கணிப்பொறி எண்நிரையை ஆக்குகின்றது. பத்து இலக்கங்களுக்குப் பதில் சுழியமும் ஒன்றுமே கூட்டப்படுகின்றன. 2001 ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு நியமமாக ஏற்ற ஏ ஈ எஸ் என்னும் முறை வங்கிக் கணக்கையும் கைத்தொலைபேசிச் செய்தியையும் காக்கின்றது. அதன் உட்கணிதத்தை உடைத்துச் செய்தியைப் படிக்கும் நடைமுறை வழி எதுவும் இதுவரை வெளிப்படவில்லை. ஆயினும், அதனை எண்நிரை ஆக்கும் பொறியாகப் பயன்படுத்துமிடத்து, ஒரே திறவுகோலோடு ஒரே தொடக்க எண்ணை இருமுறை கொடுத்தால், ஒரே நிரை இருமுறை பிறக்கும். பகைவன் ஒன்றிலிருந்து மற்றதை நீக்குவான். 78416 மறைந்தவாறே அதுவும் மறையும். கம்பியில்லாக் கணிப்பொறி வலையமைப்புகளுக்கு முதலில் வகுக்கப்பட்ட காவல்முறை இதற்குச் சான்று. அதன் தொடக்க எண்கள் 16,777,216 மட்டுமே; ஓயாது இயங்கும் வலையமைப்பில் அவை விரைவில் தீர்ந்து மீண்டும் வரலாயின. அம்முறையின் வழுக்கள் சில ஆண்டுகளுள் வெளிப்பட, அது கைவிடப்பட்டது.

1944 ஆம் ஆண்டு சனவரியிற் பிரித்தானியக் கீழைக் கடற்படை திருக்கோணமலைக்கு மீண்டது. அதற்குச் சற்று முன்னரே ஆய்வாளரும் ஆபிரிக்கக் கரையிலிருந்து கொழும்புக்கு மீண்டிருந்தனர். போர் முடிந்து கப்பல்கள் சென்றன. நீரடியிற் கிடந்த சகாயிங்கை 2018 ஆம் ஆண்டில் இலங்கைக் கடற்படையினர் மிதக்கச் செய்தனர். ஹேர்மிஸ் மட்டக்களப்புக் கடலின் அடியில் இன்றும் கிடக்கின்றது. அதனருகே செல்லும் மீனவர்க்கு அது இரும்புக் குவியல். வரலாறு கற்போர்க்கோ அது இரண்டு பிழைகளின் நினைவுச்சின்னம். மறைப்போன் தன் திறவுகோலை மீண்டும் பயன்படுத்தினான். அறிவோன் தன் அறிவின் எல்லையை மறந்தான். முதற்பிழையால் யப்பானியரின் மறை வெளிப்பட்டது. இரண்டாவதால், வெளிப்பட்ட மறையும் அம்மாலுமிகளைக் காக்கவில்லை.